ஆபரேஷனில் பிறந்ததால்தான் பிள்ளைக்கு இழுப்பா?

கேள்வி: எனக்கு 28 வயது. தண்டையார்பேட்டையில் கீழ்த்தள வீடு. தெருமுனையைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோடு. மகனுக்கு 4 வயது ஆகிறது. பதினைந்து மணி நேரம் வலியோடு கிடந்தேன். கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒன்றரை வயதில் அவனுக்கு முதல்முறையாக வீசிங் வந்தது. அதிலிருந்து மழைக்காலம் தொடங்கினால் போதும், மாதம் இரண்டு முறை நெபுலைசர் வைக்க ஓட வேண்டியிருக்கிறது. 'பிள்ளை தானாக வெளியே வந்தால்தான் நெஞ்சுச் சளி பிழிந்து வரும், கத்தி வைத்து எடுத்ததால்தான் இந்த இழுப்பு' என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். (என் கணவருக்கும் சின்ன வயதில் இழுப்பு இருந்து, பத்து வயதில் நின்றுவிட்டதாம்.) சிசேரியன் குழந்தைகளுக்கு ஆஸ்துமா வரும் என்று போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். இந்த முறை சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கலாமா? ஆபரேஷன்தான் என்றால் வீட்டில் இப்போதே நல்ல நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மகனுக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, இவ்வளவு பெரிய கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறி போட்டு ஒதுக்கி வைத்த வரியில்தான் என் கண் முதலில் போய் நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாமியாரின் வாதத்தைப் பார்ப்போம். அவர் ஒன்றும் ஆதாரமே இல்லாமல் பேசவில்லை, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது. நுரையீரலே சுரக்கும் ஒரு திரவம்தான் அதில் நிறைந்திருக்கும். பிறக்கும் நேரத்தில் அது போய், அந்த இடத்தில் காற்று நுழைய வேண்டும். பிறப்புப் பாதையில் நெஞ்சு அமுங்கும்போது கொஞ்சம் வெளியே வருவது நிஜம்தான். ஆனால் பெரிய வேலையைச் செய்வது அந்தப் பிழிதல் அல்ல, பிரசவ வலி. வலி தொடங்கியதும் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் எகிறும். அதுவரை திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல் அதையே உறிஞ்ச ஆரம்பிக்கும். வலியே வராமல் தேதி குறித்து எடுக்கிற குழந்தைகளில் சிலர் முதல் இரண்டு மூன்று நாள் வேகவேகமாக மூச்சு வாங்குவது இதனால்தான். அநேகமாக அது தானே அடங்கிவிடும். உங்கள் மகனோ பதினைந்து மணி நேரம் உங்களோடு சேர்ந்து வலி பார்த்துவிட்டு வந்தவன். அந்த வேலை உள்ளேயே நடந்திருக்கும். தவிர, அந்தத் திரவம் சளியும் அல்ல. அன்று தங்கியது நான்கு வருடமாக நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு வழியே இல்லை.

வீடியோக்காரர் சொன்னதும் முழுப் பொய் அல்ல. 2008-ல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆபரேஷனில் பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. 2018-ல் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் சொன்னது. நார்வேயில் 1967 முதல் 1998 வரை நடந்த 17 லட்சம் பிரசவங்களைப் பார்த்தவர்கள் 52 சதவீதம் வரை போனார்கள். வீடியோவில் சொல்ல இதைவிட வசதியான எண் ஏது?

ஆனால் '20 சதவீதம் கூடுதல்' என்றதும், ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா என்று பலர் படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பேச்சுக்கு, சுகப்பிரசவத்தில் பிறந்த நூறு பிள்ளைகளில் 5 பேருக்கு ஆஸ்துமா வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனில் பிறந்த நூறு பேரில் அது 6 ஆகும். அவ்வளவுதான். அந்த ஆறு பேரிலும் ஐந்து பேருக்கு எப்படிப் பிறந்திருந்தாலும் வந்திருக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன்தான். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள், அத்தனை பிள்ளைகளுமா இழுக்கிறார்கள்?

அந்த ஒரு பிள்ளைக்குக்கூடக் கத்திதான் காரணமா என்பதும் தெளிவில்லை. ஆபரேஷன் தேவைப்படும் தாய்மாரும் தேவைப்படாத தாய்மாரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உடல் எடை, சர்க்கரை, தாய்க்கே உள்ள ஆஸ்துமா, மாதம் நிறைவதற்குள் பிறப்பது என்று எல்லாம் உள்ளே கலந்து கிடக்கிறது. இதைப் பிரித்தெடுக்க ஸ்வீடனில் நல்ல வழி ஒன்றைப் பிடித்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் ஆபரேஷனிலும் ஒருவர் சுகப்பிரசவத்திலும் பிறந்த குடும்பங்களை எடுத்து, அந்த இருவரை மட்டும் ஒப்பிட்டார்கள். வீடும் பெற்றோரும் ஒன்று. அப்படிப் பார்த்தபோது தொடர்பு தேய்ந்துபோனது. உடன்பிறந்தவர்களை வைத்து நடந்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வில், அவசர ஆபரேஷனில் பிறந்தவர்களிடம் ஆஸ்துமா மருந்துப் பயன்பாடு கூடுதலாக இருந்தது, திட்டமிட்ட ஆபரேஷனில் பிறந்தவர்களிடம் இல்லை. கத்திதான் குற்றவாளி என்றால் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவசரத்துக்கு எது காரணமோ அங்கேதான் தேட வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

என் வீட்டிலும் ஒரு கதை உண்டு. மூத்தவள் ஆபரேஷன், இளையவன் சுகப்பிரசவம். இழுப்பு வந்தது இளையவனுக்கு. இது ஆதாரம் ஆகாது, மாமியாரிடம் சொல்ல மட்டும் உதவும்.

சரி, ஆபரேஷனுக்கும் ஆஸ்துமாவுக்கும் நடுவில் உண்மையிலேயே ஏதாவது பாதை இருக்கிறதா? இருந்தால் அது குடல் வழியாகத்தான் இருக்கும் என்பது இன்றைய கணிப்பு. காய்ச்சிய பாலில் உறைமோர் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சுகப்பிரசவத்தில் தாயின் உடம்பில் உள்ள நுண்ணுயிர்கள், முக்கியமாகத் தாயின் குடலில் இருப்பவை, குழந்தையின் குடலுக்கு முதல் உறையாகப் போய்ச் சேர்கின்றன. ஆபரேஷனில் அந்த உறை சரியாக விழுவதில்லை. ஆஸ்பத்திரியில் சுற்றியிருக்கும் கிருமிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் தாய்க்குப் போடும் ஆன்டிபயாடிக்கும் இதில் சேரும். எது நண்பன், எது எதிரி என்று குழந்தையின் எதிர்ப்புச் சக்தி பாடம் படிப்பது இந்த நுண்ணுயிர்களிடம்தான் என்பதால், பாடம் பிசகினால் அலர்ஜிப் பக்கம் சாயலாம்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி 2020-ல் டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் 700 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷனில் பிறந்தவர்களில், ஒரு வயதிலும் குடல் நுண்ணுயிர்கள் 'ஆபரேஷன் குழந்தை' மாதிரியாகவே இருந்தவர்களுக்குத்தான் ஆறு வயதில் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது. ஒரு வயதுக்குள் அது மற்றவர்களைப் போல முதிர்ந்துவிட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. முதல் உறை பிசகினாலும் தயிர் தோய இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வருடம் உங்கள் இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

ஆகவே இரண்டாவது பிள்ளை எப்படிப் பிறந்தாலும், சீம்பாலை வீணாக்காதீர்கள். ஆபரேஷன் என்றாலும் தண்டுவடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தால், ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுப் பால் கொடுக்க முடியும். நர்ஸிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். 'ஆபரேஷன் ஆனவளுக்கு மூன்று நாள் பால் வராது' என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ, பாலாடையில் கழுதைப் பாலோ ஊற்ற வேண்டாம். கழுதையை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் தாயின் பிறப்புப் பாதைத் திரவத்தைத் துணியில் எடுத்துக் குழந்தையின் மேல் தடவும் முறையையும் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆராய்ச்சிக்கு வெளியே அது கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2017-லேயே சொல்லிவிட்டது. நல்ல கிருமியோடு கெட்ட கிருமியும் சேர்ந்து போகும்.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருவோம். தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். ஆபரேஷன் கூட்டுகிற அந்த நூலளவை இதோடு ஒப்பிடவே முடியாது. பத்து வயதில் நின்றுவிட்டது என்பதால் அது இல்லாமல் போய்விடாது. இத்தனை நாளாக உங்கள் வயிற்றுத் தழும்பின் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து வம்சாவளிக்குப் போக வேண்டியது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. மகனுக்கு இருப்பது ஆஸ்துமாதானா என்று தீர்மானிக்க எனக்கு இது வேண்டும்.

ஏனென்றால் நான்கு வயதில் அதை அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. சின்ன மூச்சுக்குழாய், ஒரு வைரஸ் சளி வந்தாலே அடைத்துக்கொள்ளும். வளர வளரச் சரியாகும். உங்கள் மகன் அந்த அறுபதில் ஒருவனா மீதி நாற்பதில் ஒருவனா என்று ஊகிக்க, அப்பாவின் இழுப்பு, தோலில் அரிப்புப் படை, சளி இல்லாத நாளிலும் விளையாடினால் இருமல், ராத்திரி மூன்று மணி இருமல் ஆகியவற்றைத்தான் கேட்போம். எப்படிப் பிறந்தான் என்பது அந்த வரிசையில் ரொம்பக் கீழே வரும்.

நம் பக்கத்துக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூரில் அனல்மின் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூரில் குப்பை மேடு, நடுவில் துறைமுகத்துக்கு இரவு பகலாக ஓடும் டீசல் லாரிகள். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவிருக்கும். இதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் முடியாது. ஆனால் வெளிக்காற்றைத் திட்டிக்கொண்டே நாம் வீட்டுக்குள் கொளுத்தும் புகை இருக்கிறதே, அது நம் கையில் இருக்கிறது.

முதல் குற்றவாளி கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொன்னார்கள். கதவை அடைத்து, கட்டிலுக்கடியில் அதைக் கொளுத்தி, பக்கத்தில் வீசிங் பிள்ளையைப் படுக்க வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள். கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் கொசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வலை என்கிறேன். இரண்டாவது சாம்பிராணி. தலைக்கு ஊற்றிய பிள்ளையைப் புகையில் காட்டினால் சளி பிடிக்காது என்பார்கள். துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். பச்சைக்குழந்தை வந்ததும் மாமியார் இதை ஆரம்பிப்பார், இப்போதே பேசி வையுங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், ஊதிச் சளி எடுப்பதும்கூட வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி நிமோனியா. கணவர் வாசலில் நின்று பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவர் என்றால், சட்டையில் ஒட்டிய புகையோடுதான் பிள்ளையைத் தூக்குகிறார் என்று சொல்லுங்கள். கீழ்த்தள வீடு என்கிறீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறிப் பூஞ்சை பூத்தால் பிள்ளையின் படுக்கையை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கரப்பான் பூச்சியின் கழிவும் ஆஸ்துமாவைக் கிளறும். அதற்காக அவன் இருக்கும்போது மருந்து அடித்துவிடாதீர்கள். போகிக்கு டயர் கொளுத்தும் விடியலில் ஜன்னலை மூடிவையுங்கள்.

அடுத்து இன்ஹேலர். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மனசு கேட்காத விஷயம் இதுதான். பழக்கமாகிவிடும் என்று இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மாதம் இரண்டு முறை நெபுலைசருக்கு ஓடுகிறீர்கள். அந்த மெஷினில் போவதும் பெரும்பாலும் அதே மருந்துதான். சிரப்பில் இருப்பதும் அதுதான். மூச்சுக்குழாயை விரிக்கிற அந்த மருந்தின் பெயர் சால்புட்டமால். அதன் சிரப் ஒரு ஸ்பூனில் 2 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப், இருபது பஃப் மருந்து. சிரப் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுங்க வைக்கும், பஃப் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும். எது பயப்பட வேண்டியது?

டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துப் பாருங்கள், இரண்டு வகை இருக்கலாம். ஒன்று இழுக்கும்போது உடனே விரிக்கிற மருந்து. இன்னொன்று தினமும் கொடுத்து வீக்கத்தை அடக்குகிற குறைந்த அளவு ஸ்டீராய்டு. நீங்கள் நிறுத்தியது இரண்டாவது என்றால், மழைக்கால ஓட்டத்துக்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். அதில் பக்க விளைவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பல வருடம் தினமும் எடுத்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் உயரமா, ராத்திரி தூக்கமா என்றால் நான் தூக்கத்தைத்தான் எடுப்பேன். தேவையில்லாதபோது அளவைக் குறைத்து நிறுத்தவும் செய்வோம். உங்கள் டாக்டரிடம் போய் எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். நிறுத்தியதற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஸ்பேசரும் (இன்ஹேலரை மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய்) முகமூடியும் இல்லாமல் நான்கு வயதுப் பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுத்தால் மருந்து நாக்கில்தான் தங்கும். குலுக்கி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு விடட்டும். அப்புறம் அடுத்த பஃப். ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காய வைக்க வேண்டும், துணியால் தேய்த்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். விலா எலும்புக்கிடையே குழி விழுந்து இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ பஃப் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி பிரசவம். அடம்பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். ஆஸ்துமாவுக்குப் பயந்து அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை ஆபரேஷன் ஆனவருக்கு அடுத்தது சுகப்பிரசவமே ஆகாது என்பதும் இல்லை. பொருத்தமானவர்களாகப் பார்த்து முயற்சி செய்தால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு நடக்கிறது. உங்களுக்குச் சாதகமான விஷயங்கள் இருக்கின்றன. நான்கு வருட இடைவெளி, போன முறை ஆபரேஷனுக்குக் காரணம் குழந்தையின் துடிப்பே தவிர இடுப்பெலும்பின் அளவு அல்ல. எதிரே இருப்பது, வலி வரும்போது பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து. இருநூறில் ஒருவர் என்ற அளவில் இருந்தாலும், நடந்தால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டும். ஆகவே இரவு இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் தயாராக இருக்கிற இடத்தில் மட்டும்தான் இந்த முயற்சி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி பெரிய மகப்பேறு மருத்துவமனையில் காட்டி, போன முறை டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து, கர்ப்பப்பையில் வெட்டு கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம், ஆபரேஷன்தான் நல்லது என்று அவர்கள் சொன்னால் மனசார ஒத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஆபரேஷன் என்று முடிவானால், நான் அடம்பிடிக்கச் சொல்வது தேதி விஷயத்தில். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்கு முன் எடுக்க வேண்டாம். 37-ம் வாரத்தில் ஒரு வளர்பிறை முகூர்த்தம் வருகிறது என்று யாராவது பஞ்சாங்கத்தை நீட்டினால், 39-க்கு மேல் உள்ள தேதிகளில் எது நல்ல நாளோ அதைப் பார்த்துக்கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஓரிரு வாரம் முன்னால் இழுத்துப் போட்டால் மூச்சுத்திணறலோடு பச்சைக்குழந்தைப் பிரிவில் படுக்கிற வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மகனை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது இன்ஹேலர், ஸ்பேசர், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப்போங்கள். உங்கள் கணவருக்கு எந்த வயதில் இழுப்பு தொடங்கியது, எந்த மாதத்தில் அதிகமாக வரும், என்ன கொடுத்தால் அடங்கியது என்றெல்லாம் டாக்டர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வீட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது.